பல் இடுக்கில் நூல் போட்டு சுத்தம் செய்வது உண்மையிலேயே பலன் தருமா? தரவுகள் சொல்வது என்ன?

காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை பிரஷ் பண்ணிவிட்டால் பல் வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடத்துக்குள் பிரஷ் நார் சரியாகப் போகாது. அந்த இடத்துக்கானதுதான் 'ஃபிளாஸ்' எனப்படும் மெல்லிய நூல்.

ஏன் இதைப் பற்றிப் பேச வேண்டும்?

இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2002-03ல் நடத்திய தேசிய வாய் நல ஆய்வில், 35 முதல் 44 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 90% பேருக்கு ஈறு பாதிப்பு இருந்தது. 12 வயதுக் குழந்தைகளில் இது 57%.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஈறில் ரத்தம் கசிவது, காரை படிவது போன்ற ஆரம்ப அறிகுறிகளும் இந்தக் கணக்கில் சேரும். அதனால் 90% பேருக்கும் பல் விழப்போகிறது என்று அர்த்தமில்லை. கவனிக்காமல் விட்டால் பிரச்னை பெரிதாகலாம் என்பதுதான் செய்தி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம்.

'ஃபிளாஸ் வேஸ்ட்' என்று சொன்னார்களே?

2016ல் ஏபி செய்தி நிறுவனம் 25 ஆய்வுகளை அலசி, ஃபிளாஸுக்கான ஆதாரம் பலவீனமானது என்று எழுதியது. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியிலிருந்தும் அந்தப் பரிந்துரை காணாமல் போயிருந்தது. 'இனி நூலே வேண்டாம்' என்று பலரும் புரிந்துகொண்டார்கள்.

ஆதாரம் குறைவு என்பதும், பலன் இல்லை என்பதும் ஒன்றல்ல. பல ஆய்வுகள் சில வாரங்களோ சில மாதங்களோதான் நடந்தன. ஈறு நோயோ வருஷக்கணக்கில் வளர்வது. 2019ல் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளை, அதாவது 3,929 பேரின் தரவுகளை, தொகுத்துப் பார்த்தது. பிரஷ்ஷோடு ஃபிளாஸும் சேர்ந்தால் ஈறு வீக்கம் குறையலாம், பல் இடுக்குக்கான குட்டி பிரஷ் அதைவிடக் கூடுதல் பலன் தரலாம் என்றது. ஆனால் இந்த ஆதாரத்தின் உறுதி குறைவு என்றும் சேர்த்தே சொன்னது.

சரியாகச் செய்வது எப்படி?

- சுமார் 45 செ.மீ. நூலை எடுத்து, இரு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றிக்கொள்ளுங்கள். நடுவில் 3 செ.மீ. அளவு போதும்.
- மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து உள்ளே இறக்குங்கள். வெடுக்கென்று இறக்கினால் ஈறு கிழியும்.
- ஈறு அருகே வந்ததும் பல்லை அணைத்தபடி 'ப' போல வளைத்து, மேலும் கீழுமாகத் தேயுங்கள். பலரும் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். இடுக்கில் சிக்கிய உணவை எடுப்பதோடு வேலை முடிவதில்லை, பல்லின் பக்கச் சுவரில் ஒட்டிய படலத்தைத் துடைக்க வேண்டும்.
- பக்கத்துப் பல்லுக்கும் அதேபோல் செய்யுங்கள். அடுத்தடுத்த இடுக்குகளுக்கு நூலின் புதிய பகுதியைப் பயன்படுத்துங்கள்.

தினமும் ஒருமுறை போதும். ஊக்கு, தீக்குச்சி வைத்துக் குத்துவது ஈறைப் புண்ணாக்கும். இடுக்கு அகலமாக இருந்தாலோ, பல்லில் கம்பி கட்டியிருந்தாலோ குட்டி பிரஷ்தான் வசதி.

ரத்தம் வந்தால்?

ஈறு வீங்கியிருந்தால் முதல் சில நாட்கள் லேசாக ரத்தம் வரலாம். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். படலம் ஒருமுறை காரையாக இறுகிவிட்டால் நூலாலோ பிரஷ்ஷாலோ எடுக்க முடியாது, மருத்துவரிடம்தான் 'க்ளீனிங்' செய்ய வேண்டும்.

தனியாரிடம் போனால்தான் முடியும் என்றில்லை. மாவட்ட அளவில் அரசு பல் சிகிச்சைப் பிரிவுகளை வலுப்படுத்துவது தேசிய வாய் நலத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. புனேயில் இருக்கும் தமிழர்களுக்கு மாவட்ட மருத்துவமனை ஔந்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் பல் பிரிவு எந்த நாட்களில் இயங்குகிறது என்று விசாரித்துவிட்டுப் போகலாம்.