துவரை விதைப்பண்ணையில் காய்ப்புழு: தடுக்கும் வழியும் உழவரின் உரிமையும்

பருப்புக்குப் போடும் துவரையில் காய்ப்புழு விழுந்தால் மகசூல் குறையும். விதைப்பண்ணையில் விழுந்தால், மிஞ்சிய மகசூலும் விதை விலைக்குப் போகாது. பயறு வகைகளில் பூச்சி அரித்த விதை 1 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் குவியலுக்குச் சான்று கிடையாது. அதனால் மொட்டு விடும்போதே வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

எந்தப் புழு?

பச்சைக் காய்ப்புழு தலையைக் காய்க்குள் நுழைத்து, உடலை வெளியே நீட்டியபடி தின்னும். காயில் வட்டத் துளை இருந்தால் இதன் வேலைதான். புள்ளிக் காய்ப்புழு மொட்டு, பூ, பிஞ்சுகளை நூலால் பின்னி உள்ளே ஒளிந்துகொள்ளும். பின்னலைப் பிரித்தால் புழுவும் எச்சமும் தெரியும். பின்னல் இறுகிவிட்டால் மருந்து உள்ளே போகாது.

என்ன செய்யலாம்?

ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் பச்சைக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சி வரவு முன்னதாகவே தெரியும். பறவைகள் அமர 20 தாங்கிகள் நடுங்கள். தொடக்கத்தில் 5 சதவீத வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு போதும். பச்சைக் காய்ப்புழு சிறிதாக இருக்கும்போதே அதற்குரிய என்.பி.வி. நச்சுயிரியை மாலையில் தெளியுங்கள். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். கட்டுமீறினால் மட்டும் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி., ஏக்கருக்கு 60 மில்லி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு பழகிவிடும்.

கையுறை, முகக்கவசம் இல்லாமல் மருந்தடிக்காதீர்கள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் நஞ்சேறி இறந்தார்கள். தெளிப்பவர் கூலியாள் என்றால், இவற்றை வாங்கித் தருவது நிலத்துக்காரரின் கடமை.

மருந்து கேட்கவில்லையா?

கடைக்காரர் ரசீது தந்தே ஆகவேண்டும். அதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து போலி என்று சந்தேகப்பட்டால், பாதிப்பு கண்ணுக்குத் தெரியும்போதே வேளாண்மை அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து வயலைப் பார்வையிடக் கேளுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது.

விதைச்சான்று மறுக்கப்பட்டால், 1966ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆலோசனைக்குக் கட்டணமில்லா உழவர் அழைப்பு எண்: 1800-180-1551.

அறுவடைக் கணக்கு முடியும்வரை ரசீதையும் காலி மருந்துப் புட்டியையும் பூட்டிப் பத்திரமாக வையுங்கள். வழக்கு என்று வந்தால் அவைதான் உங்கள் சாட்சி.