வாடும் ஆர்க்கிட்... குப்பையில் போடும் முன் வேரைப் பாருங்கள்!

கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாக வந்த ஆர்க்கிட், ஒரே மாதத்தில் இலை சுருங்கித் தொங்குகிறதா? 'தண்ணீர் போதவில்லை' என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் வில்லனே அந்தத் தண்ணீர்தான். வேர் அழுகிவிட்டால், தொட்டி ஈரமாக இருந்தாலும் செடியால் அதை உறிஞ்ச முடியாது.

கடைகளில் அதிகம் கிடைப்பது ஃபலெனாப்சிஸ் வகை. பூ அந்துப்பூச்சி போல இருப்பதால், 1825-ல் தாவரவியலாளர் ப்ளூம் வைத்த பெயர் அது. காட்டில் இது மண்ணில் அல்ல, மரக்கிளையைப் பற்றித்தான் வளரும். அதனால் வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் முக்கியம்.

மீட்பது எப்படி?

1. செடியை வெளியே எடுத்து, பழைய கலவையை உதறிவிட்டு வேரைக் கழுவுங்கள். அழுத்தினால் கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர். பழுப்பாகக் கொழகொழவென்று இருப்பது அழுகியது.

2. தீயில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் அழுகியதை மட்டும் வெட்டி, ஒரு நாள் நிழலில் ஆறவிடுங்கள்.

3. அடியிலும் பக்கத்திலும் துளையுள்ள சிறிய தொட்டியில் கரித்துண்டு, தேங்காய்மட்டைத் துண்டுகளைப் போட்டு நடுங்கள். மண்ணோ தென்னைநார்த் தூளோ வேண்டாம்.

4. வேர் வெள்ளி நிறமானால் மட்டும் தண்ணீர். நனைந்ததும் அது பச்சையாகும். நடுக்குருத்தில் தேங்கும் நீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

5. புது வேர் வரும்வரை உரம் கூடாது.

இதையும் கவனியுங்கள்

பென்னலூர், ஒரகடம் பகுதி அடுக்குமாடி வீடுகளில், ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் இருந்தால் ஆர்க்கிட்டுக்கு மட்டும் வேண்டாம். அதில் உப்பு அதிகம். மழைநீரோ, ஆர்.ஓ. குடிநீரோ நல்லது. ஏ.சி. காற்று நேராகப் படும் இடம், மேற்கு ஜன்னல் வெயில் இரண்டும் ஆகாது. காலை வெளிச்சம் வரும் கிழக்கு ஜன்னல் போதும். ஷிஃப்ட் வேலையில் நாள் கணக்கு மறந்தால், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் ஊற்றலாம்.

பூ உதிர்ந்தால் செடி செத்துவிட்டதாக அர்த்தமில்லை. ஒரு கெட்டியான வேர் மிஞ்சினாலும் பிழைக்க வாய்ப்புண்டு. ஆனால் மாதக்கணக்கில் பொறுமை தேவை. பச்சை நுனியோடு புது வேர் எட்டிப்பார்த்தால் ஆபத்து விலகுகிறது என்று பொருள்.

பூத்தண்டு விட ஃபலெனாப்சிஸுக்குச் சில வாரக் குளிர்ச்சி தேவை. நம் ஊர் வெயிலில் அடுத்த பூ தாமதமாகலாம். புதிதாக வாங்குபவர்களுக்கு, வெப்பத்தை ஓரளவு தாங்கும் டென்ட்ரோபியம் நல்ல தொடக்கம்.