யாரோடு ஒப்பிடுவது?

லண்டனில் ஒரு நகராட்சி அலுவலகம். வெள்ளிக்கிழமை மாலை. வீட்டுவசதிப் பிரிவின் மேஜைக்கு முன்னால் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வருபவர் மூன்று மாதக் கர்ப்பிணி. கணவரும் கூட வந்திருக்கிறார். அடுத்தவன் 19 வயது இளைஞன். பெற்றோரிடமிருந்து பிரிந்து, 18 வயதுவரை அரசின் பராமரிப்பில் வளர்ந்தவன். மூன்றாமவர் 45 வயதுத் தனியாள். வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதால் காலி செய்ய வேண்டியதாயிற்று. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

மூவருக்கும் இன்றிரவு படுக்க இடமில்லை. மூவருமே அந்நாட்டுக் குடிமக்கள். ஆனாலும் சட்டம் இவர்களை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. முதல் இருவருக்கும் முன்னுரிமை தானாகவே கிடைத்துவிடுகிறது. மூன்றாமவர் மட்டும் தன் உடம்பையும் மனதையும் பற்றி அந்த மேஜையில் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், 189-ஆம் பிரிவில் ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கிறது. 'முன்னுரிமைத் தேவை' யாருக்கு என்பதற்கான பட்டியல். கர்ப்பிணி, அவரோடு வாழ்பவர், பிள்ளைகளை வைத்திருப்பவர், தீ, வெள்ளம் போன்ற பேரிடரில் வீட்டை இழந்தவர். பராமரிப்பிலிருந்து வெளிவந்த 18 முதல் 20 வயதுக்காரர்களை 2002-இல் வந்த ஓர் ஆணை சேர்த்தது. குடும்ப வன்முறையால் வீடிழந்தவர்கள் 2021-இல் சேர்ந்தார்கள். நம் இளைஞனுக்கு 21-ஆவது பிறந்தநாள் வந்துவிட்டால் அவனும் பட்டியலிலிருந்து இறங்கி மூன்றாமவரின் வரிசைக்குப் போய்விடுவான். ஒரே ஒரு இரவு அவ்வளவையும் மாற்றிவிடும்.

இந்தப் பட்டியல் ஏன் இப்படி இருக்கிறது? அதன் வேர் 1966 நவம்பரில் இருக்கிறது. கென் லோச் இயக்கிய 'கேத்தி கம் ஹோம்' என்ற நாடகத்தை பிபிசி அந்த மாதம் ஒளிபரப்பியது. வீட்டை இழந்து அலையும் ஓர் இளம் தம்பதியின் கதை. அந்நாளைய விடுதிகள் பல, தாயையும் பிள்ளைகளையும் மட்டும் சேர்த்துக்கொண்டு கணவனை வெளியே நிறுத்தின. கடைசியில் ரயில் நிலையத்தில் கேத்தியின் கையிலிருந்து பிள்ளைகளையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். நாடே கலங்கியது. 11 ஆண்டுகள் கழித்து, ஸ்டீபன் ராஸ் என்ற லிபரல் கட்சி உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1977-இல் சட்டமானது. வீடற்றவருக்கு வீடு தருவது நகராட்சியின் சட்டக் கடமை என்று அது சொன்னது. ஆனால் வீடுகள் குறைவு. யாருக்கு முதலில் என்ற கேள்வி எழுந்தபோது, சட்டம் எழுதியவர்களின் மனக்கண்ணில் நின்றது தாயும் பிள்ளையும்தான். பாலத்தடியில் தனியாகப் படுத்திருந்தவர் அந்தக் காட்சியில் இல்லை.

அவருக்கென்று சட்டம் திறந்துவைத்த கதவு ஒன்றுதான்: முதுமை, மனநோய், உடல் ஊனம் அல்லது வேறு சிறப்புக் காரணத்தால் 'வல்னரபிள்' ஆனவர். லத்தீனில் 'வுல்னுஸ்' என்றால் காயம். அப்படியானால் எளிதில் காயப்படக்கூடியவர் என்று பொருள். சட்டம் கேட்பது இதுவரை பட்ட துன்பத்தின் கணக்கை மட்டுமல்ல. கூரையில்லாமல் விட்டால் இனி இவருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டிக் கணிக்கச் சொல்கிறது.

கணிக்க ஓர் அளவுகோல் வேண்டும். எளிதில் காயப்படுபவர் என்றால், யாரைவிட எளிதில்? சட்டப் புத்தகம் அதைச் சொல்லவில்லை. 1998-இல் காம்டன் நகராட்சி தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விடை தந்தது: சாதாரண வீடற்ற ஒருவரோடு ஒப்பிட வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதன் விளைவைப் பாருங்கள். காய்ச்சல் வார்டில் எல்லோருக்கும் 102 டிகிரி. புதிதாக ஒருவர் 102 டிகிரியோடு வருகிறார். வார்டின் சராசரியை அளவாக வைத்தால் அவருக்குக் காய்ச்சலே இல்லை! வீடற்றவர்களில் பலருக்கும் மனச்சோர்வு உண்டு, போதைப் பழக்கம் உண்டு என்று புள்ளிவிவரம் காட்டி, ஆகவே உங்கள் நோய் ஒன்றும் புதிதில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட இதில் வழி இருந்தது. தெருவில் இருப்பவர்களின் நிலை மோசமாக மோசமாக, உதவிக்கான வாசல் இன்னும் குறுகியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-இல் வீடற்ற நிலையில் இறந்தவர்களின் சராசரி வயது ஆண்களுக்கு ஏறத்தாழ 45, பெண்களுக்கு 43. அந்த மக்களைத்தான் 'சாதாரணம்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

17 ஆண்டுகள் இந்த அளவுகோல் நின்றது. 2015 மே மாதம், சதர்க், சோலிஹல் நகராட்சிகள் தொடர்பான மூன்று வழக்குகளைச் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நியூபெர்கர் பிரபு. ஒப்பிட வேண்டியது ஏற்கெனவே தெருவில் நொந்துபோனவரோடு இல்லை. வீட்டில் இருக்கும் ஒரு சாதாரண மனிதர் திடீரென்று வீடிழந்தால் எப்படி இருப்பாரோ, அவரோடு. புள்ளிவிவரத்தை வைத்து ஒருவரை எடைபோடுவது ஆபத்து என்றும் நீதிமன்றம் எச்சரித்தது. நகராட்சியின் கையில் எத்தனை வீடு, எவ்வளவு பணம் என்பதை இந்தக் கணிப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்றும் சொன்னது. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பக்கத்தில் நிறுத்தும் கற்பனை மனிதர் மாறினார். ஆயிரக்கணக்கானோருக்குக் கேள்வியே மாறிப்போனது.

இனி நம் மூன்றாமவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த மாத்திரைகள் பையோடு திருடுபோனால் என்ன ஆகும்? நான்கு இரவு தூக்கமில்லாவிட்டால் நோய் எங்கே கொண்டுபோய் விடும்? நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவர் தாங்கிக்கொள்வதை இவரால் தாங்க முடியுமா? விடை எப்படியிருந்தாலும் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். ஏற்க முடியாவிட்டால், 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

நகராட்சியின் அந்த விடை வரும்வரை அவர் எங்கே படுப்பார்? இங்கே சட்டம் எனக்குப் பிடித்த ஒரு வேலையைச் செய்கிறது. முன்னுரிமை 'இருக்கிறது' என்று நிரூபிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 'இருக்கலாம்' என்று நம்பக் காரணம் இருந்தாலே போதும், தற்காலிக இடம் கொடுத்தாக வேண்டும். 'லாம்' என்ற விகுதியில் ஒரு மனிதருக்கு அன்றிரவு கட்டில் கிடைக்கிறது. 2018 முதல் இன்னொன்றும் உண்டு. முன்னுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீடு தேட 56 நாள் நகராட்சி உதவ வேண்டும். அதன் பிறகு பழைய பட்டியல்தான் தீர்மானிக்கும்.

பக்கத்து ஸ்காட்லாந்து, பட்டியலே வேண்டாம் என்று 2003-இல் சட்டம் இயற்றி, படிப்படியாக 2012 முடிவில் அதை எடுத்தேவிட்டது. வேண்டுமென்றே வீட்டை இழந்தவரல்லாத எவருக்கும் அங்கே நிலையான வீட்டுக்கு உரிமை உண்டு. வேல்ஸ் 2022-இல் தெருவில் படுப்பவர்களையும் பட்டியலில் சேர்த்தது. ஆனால் உரிமை வீட்டைக் கட்டித் தருவதில்லை. தற்காலிக இடங்களில் காத்திருப்போர் பெருகி, 2024 மே மாதம் ஸ்காட்லாந்து அரசு வீட்டுவசதி நெருக்கடிநிலை அறிவித்தது.

அப்படியும் ஸ்காட்லாந்தின் வழியே சரி என்று நான் நினைக்கிறேன். அங்கே குறை என்னவென்று எல்லோருக்கும் தெரிகிறது: வீடு போதவில்லை. இங்கிலாந்திலோ அந்தக் குறை அந்த 45 வயது மனிதரின் குறையாக உருமாறிவிடுகிறது. வீடு இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், உங்கள் நோய் போதவில்லை என்று ஒரு கடிதம் அவர் கைக்கு வருகிறது.