கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கம் வரை

அமெரிக்கக் கலாசாலைகள் தம் பழைய மாணாக்கருக்கு அனுப்பிவைக்கும் பத்திரிகைகளில், கல்லூரித் தலைவரின் கட்டுரையையும் புதிய கட்டடங்களின் படங்களையும் புரட்டித் தள்ளிவிட்டு, பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பிற்பகுதியையே வாசகர்கள் முதலில் தேடிப் போகிறார்கள். ஒரே ஆண்டில் பட்டம் பெற்ற அனைவரையும் ஒரு வகுப்பாகப் பாவிப்பது அந்நாட்டு வழக்கம். அந்தந்த வகுப்பைச் சேர்ந்தவர்களின் க்ஷேம சமாசாரங்கள் அந்தப் பகுதியில்தான் வெளியாகின்றன. 1900-இல் தொடங்கிய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் பத்திரிகை இதற்குப் பேர்போனது.

இந்தக் குறிப்புகளில் மூத்த வகுப்பு முதலிலும் இளைய வகுப்பு கடைசியிலுமாக வருவதால், பட்டம் பெற்ற புதிதில் கடைசிப் பக்கத்தில் இடம் பெறுகிறவர், ஆண்டுகள் செல்லச் செல்ல, தமக்கு முன்னிருந்த வகுப்புகள் ஒவ்வொன்றாக மறைய, தாம் ஒரு முயற்சியும் செய்யாமலே முன்பக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறார். சிபாரிசு வேண்டாத இந்த ஒரு பதவி உயர்வைக் கொண்டாடுகிறவரைத்தான் காணோம்!

குறிப்புகளின் விஷயமும் வயதுக்கேற்ப மாறுகிறது. முதலில் உத்தியோகம், விவாகம், பிள்ளைப்பேறு. நாற்பதுக்கு மேல் பதவிகள், பரிசுகள், வாங்கிய வீடுகள். அறுபதைத் தாண்டியதும் ஓய்வும், புளோரிடாவுக்கோ அரிசோனாவுக்கோ குடிபெயர்ந்த செய்தியும், பேரக் குழந்தைகளும். அதற்கப்பால் மாற்று முழங்கால், கண்புரைச் சிகிச்சை, இன்னும் தாமே கார் ஓட்டுகிறார் என்ற பெருமிதம். நடுவயதுக் குறிப்புகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்தப் பருவத்தில் ஜயித்தவர்கள் எழுதுகிறார்கள். மணமுறிவும் கடனும் மௌனத்தில் அடங்கிவிடுகின்றன. எழுபதுக்கு மேல் ஒருவரோடொருவர் போட்டியிட ஏதுமில்லாமற் போவதனாலோ என்னவோ, எழுத்தில் ஒரு நேர்மை வந்து சேருகிறது.

ஹார்வர்டின் 1829-ஆம் ஆண்டு வகுப்பைப் போல வரலாற்றில் இடம்பெற்ற வகுப்பு வேறில்லை என்று சொல்லலாம். வைத்தியரும் கவிஞருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், கணித சாஸ்திரி பெஞ்சமின் பியர்ஸ், 1857-இல் அடிமை முறை பற்றிய ட்ரெட் ஸ்காட் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகளுக்கு மாறாகத் தீர்ப்பெழுதிய பெஞ்சமின் கர்ட்டிஸ், அமெரிக்கத் தேசபக்திப் பாடல் ஒன்றை இயற்றிய பாதிரியார் சாமுவேல் ஸ்மித் ஆகியோர் அதில் ஒருங்கே பயின்றவர்கள். இவர்களுடைய வருடாந்தர விருந்துக்கென்று ஹோம்ஸ் 1851 முதல் 1889 வரை கவிதைகள் எழுதிவந்தார். 1859-இல் ஐம்பது வயதை எட்டிய அந்தக் கனவான்களையெல்லாம் அவர் பையன்களே என்று விளித்துப் பரிகாசம் செய்தார். கர்ட்டிஸ் 1874-இலும் பியர்ஸ் 1880-இலும் மறைந்தனர்; விருந்து மேஜையில் ஆசனங்கள் குறையக் குறையப் பரிகாசம் தணிந்து, கவிதைகள் இரங்கலை நோக்கித் திரும்பின. ஹோம்ஸ் 1894-இலும் ஸ்மித் அதற்கு அடுத்த ஆண்டிலும் காலமாயினர்.

மெய்ன் மாநிலத்து போடன் கல்லூரியில் 1825-இல் தேறிய கவிஞர் லாங்ஃபெல்லோவோ, ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக 1875-இல் அங்கே சென்று நீண்ட கவிதை ஒன்றைத் தாமே வாசித்தார். அவருடைய வகுப்பைச் சேர்ந்த நாவலாசிரியர் ஹாதார்ன் இறந்து அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சகபாடிகளின் செய்தி சாஸ்திர ஆராய்ச்சிக்கும் பொருளாகியிருக்கிறது. 1938-இல் ஹார்வர்டு மாணவர் 268 பேரைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கிய ஆராய்ச்சி, அவர்கள் கிழவர்களாகும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வினாத்தாள் அனுப்பி, உடல்நிலையையும் குடும்ப வாழ்வையும் விசாரித்தது. பின்னாளில் ஜனாதிபதியான கென்னடியும் அவர்களில் ஒருவர். எண்பது வயதில் ஒருவர் ஆரோக்கியமாக இருப்பாரா என்பதை, ஐம்பது வயதில் அவருக்கிருந்த கொலஸ்ட்ரால் அளவைக் காட்டிலும், அப்போது உறவுகளில் அவர் கண்டிருந்த திருப்தியே நன்றாக முன்னறிவித்தது என்பது அதில் தெரியவந்த முடிவு.

பிரின்ஸ்டனில் மே மாதக் கடைசியில் நடைபெறும் பழைய மாணவர் ஊர்வலத்தில், மிகப் பழைய வகுப்பிலிருந்து வந்திருப்போருள் வயதில் மூத்தவருக்கு, 1923-ஆம் ஆண்டு வகுப்பார் வழங்கிய வெள்ளிக் கைத்தடியை ஏந்தும் கௌரவம் அளிக்கப்படுகிறது. அந்தக் கைத்தடிக்குக் கிடைக்கும் கரகோஷத்தில் பாதியாவது வகுப்புக் காரியதரிசிக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சம்பளமின்றி, கடிதம் எழுதிக் கேட்டு, பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழைத்து, காலமானவரின் மனைவியிடம் பக்குவமாக விசாரித்து, எல்லாவற்றையும் நாலு பத்தியில் அடக்கித் தருகிறவர் அவர். பலர் இந்தத் தொண்டைப் பல்லாண்டுகள் தொடர்ந்து செய்கிறார்கள். கடைசியில் தம் நண்பர்களின் மரணக் குறிப்புகளை எழுதும் பொறுப்பும் அவருக்கு வந்து சேருவதுண்டு.

உங்களோடு படித்தவர்களிலும் இத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். அவர் விசாரித்து எழுதும்போது, சொல்லத்தக்க விசேஷம் ஒன்றுமில்லையே என்று இருந்துவிடாமல், இரண்டு வரி பதில் எழுதிவிடுங்கள்; பேரன் பிறந்த செய்தியோடு முழங்கால் வலியையும் சேர்த்தே எழுதுங்கள்.