ஜன நெருக்கமும் நஞ்சை நிலமும்

நெடுங்காடு என்னும் பெயரில் காடு இருக்கிறது. ஊரைச் சுற்றியிருப்பதோ வயல்தான். பள்ளத்தில் பயிர், மேட்டுத் திடலில் குடி என்பது காவிரிப் படுகையின் பழைய ஏற்பாடு. வெள்ளத்திற்கு அஞ்சியும், விளைநிலத்தை வீணாக்க மனமின்றியும் நம் முன்னோர் அவ்வாறு வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டினர்.

இத்தகைய பிரதேசத்தின் ஜன நெருக்கத்தை எவ்வாறு அறிவது? மொத்த ஜனத்தொகையை மொத்தப் பரப்பால் வகுப்பது வழக்கம். 2011ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி காரைக்கால் மாவட்டத்தில் 2,00,222 பேர். பரப்பு 157 சதுர கிலோமீட்டர். ஆகவே சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,275 பேர். தமிழ்நாட்டுக்கு அவ்வாண்டில் 555 பேரே. இதைக் கொண்டு காரைக்காலில் காலூன்ற இடமில்லை என முடிவு கட்டலாகாது. தமிழ்நாட்டுக் கணக்கில் மலையும் காடும் சேர்ந்துள்ளன. காரைக்காலோ முற்றிலும் சமவெளி.

எனவே புவியியலார் சாகுபடி நிலத்தால் மட்டும் ஜனத்தொகையை வகுத்து மற்றொரு கணக்கும் போடுவர். கிராமப் பணியில் ஈடுபட்டோருக்கு இதுவே முக்கியம் என்று கருதுகிறோம். ஓர் ஊரில் 2,000 பேரும் 1,000 ஏக்கரும், அதில் 800 ஏக்கர் நஞ்சையும் இருப்பதாகக் கொள்வோம். முதற் கணக்கில் ஏக்கருக்கு 2 பேர். இரண்டாவதில் 2½ பேர். நஞ்சையில் 160 ஏக்கர் மனைகளாகிவிட்டால் இரண்டாவது கணக்கு 3ஐத் தாண்டிவிடும். ஊரில் ஒரு குழந்தைகூட அதிகமாகப் பிறக்கவில்லை. முதற் கணக்கு இம்மியும் அசையவில்லை. ஆயினும் எஞ்சிய நஞ்சை தாங்கவேண்டிய வாய்கள் பெருகிவிட்டன. கடைமடையாகிய இங்கே, தண்ணீர் வந்து சேராத ஆண்டில் பதிவேட்டிலுள்ள ஏக்கர் யாவும் விளையும் ஏக்கர் ஆகா என்பதையும் விவசாயிகள் நன்கறிவர்.

ஆட்களை எண்ணுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கணக்கெடுப்புக் காலம் முழுதும் வெளியூரில் இருப்பவர் சொந்த ஊரில் எண்ணப்படுவதில்லை. 1861ஆம் ஆண்டின் ஆங்கிலேய-பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பின் கூலியாட்கள் கப்பலேறிய துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று; பிழைப்பு நாடிக் கடல் கடப்பது இங்கே புதிதன்று. 2011இல் ஆயிரம் ஆண்களுக்கு 1,047 பெண்கள் இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அவ்வாறு சென்றவர் கணக்கில் வாரார். அவர் அனுப்பும் பணமோ பல குடும்பங்களில் மனையாகவும் வீடாகவும் ஊர் வந்து சேர்கிறது.

கொம்யூன் பஞ்சாயத்துகள் இவ்விரண்டாவது கணக்கைக் கிராமவாரியாக எழுதி வைப்பது கடினமன்று. நஞ்சையின் பரப்பு கிராமக் கணக்கில் உள்ளது. மனையாக மாறியதை ஆண்டுதோறும் கழித்துவந்தால் போதும். வயலில் மனை பிரிக்க விண்ணப்பம் வருகையில், அவ்வூரில் வெற்றுத் திடல் மிஞ்சியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்கலாம்.