முந்திவரும் கணிப்பும் பிந்திவரும் முடிவும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கருத்துக்கணிப்பின் அடிப்படையும் இதுதான். கோடிக்கணக்கான வாக்காளர் எல்லோரிடமும் கேட்க முடியாது. ஆகவே சிலரிடம் கேட்டு மற்றவர்களின் மனதையும் ஊகிக்கிறார்கள். ஆனால் உலை கொதிக்கும் முன்னரே பதம் பார்த்தால் என்ன தெரியும்? அரிசி இன்னும் அரிசியாகவே இருக்கிறது என்பது மட்டுமே தெரியும்.

பதவியிலிருக்கும் ஜனாதிபதி மீண்டும் தெரிவாவாரா என்று தேர்தலுக்கு ஓரிரு வருடங்களுக்கு முன்பே எடுக்கப்படும் கணிப்புகளும் இப்படிப்பட்டவையே. இத்தகைய கணிப்புகளுக்குப் பெயர்போன நாடு ஐக்கிய அமெரிக்கா. அந்நாட்டின் அனுபவங்கள் சிலவற்றைக் கொண்டு, இவற்றை நாம் எப்படி வாசிக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இரண்டு ஜனாதிபதிகளைப் பார்ப்போம். 1983 ஜனவரியில் ரொனால்ட் ரேகனின் செயற்பாட்டை ஏற்றுக்கொள்வதாகக் கூறியவர்கள் 35 சதவீதத்தினர் மட்டுமே என்று கெலப் நிறுவனத்தின் கணிப்பு காட்டியது. அப்போது அங்கு வேலையின்மை 10 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. ‘இவர் ஒரு தவணையுடன் வீட்டுக்குப் போய்விடுவார்’ என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் 1984 நொவெம்பரில் 50 மாநிலங்களில் 49 ஐ அவர் வென்றார்.

அடுத்தவர் ஜோர்ஜ் எச். டபிள்யூ. புஷ். 1991 ஆம் ஆண்டு வளைகுடா யுத்தம் முடிந்த கையோடு எடுக்கப்பட்ட கெலப் கணிப்பில் அவருக்கு 89 சதவீத ஆதரவு இருந்தது. இருபது மாதங்கள் கழிந்தன. யுத்த வெற்றியின் ஆரவாரம் அடங்கியது. வேலையின்மையும் வீட்டுச் செலவும் மக்களின் பேச்சாயின. 1992 தேர்தலில் அவர் பெற்றது சுமார் 37 சதவீதம்தான். பில் கிளின்டன் வென்றார்.

35 பெற்றவர் வென்றார். 89 பெற்றவர் தோற்றார். அப்படியானால் கெலப் பொய் சொன்னதா? இல்லை. இரண்டு கணிப்புகளும் அன்றைய மனநிலையை அளந்தன. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து வரப்போகும் மனநிலையை அவை அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. பிழை கணிப்பில் இல்லை. அன்றைய கேள்விக்கான விடையை நாளைய கேள்விக்கான விடையாக வாசித்தவர்களிடமே இருந்தது.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. ‘இந்த ஜனாதிபதி நன்றாகச் செயற்படுகிறாரா?’ என்பது ஒரு கேள்வி. ‘இவருக்கும் அவருக்கும் இடையில் யாருக்கு வாக்களிப்பீர்கள்?’ என்பது வேறொரு கேள்வி. தேர்தலுக்கு வெகு முன்னதாகக் கேட்கும்போது அந்த ‘அவர்’ யாரென்றே தெரியாது. 1991 மார்ச்சில் கிளின்டன் வேட்பாளராகவே இருக்கவில்லை. அந்த வருடம் ஒக்டோபரில்தான் போட்டியிடுவதாக அறிவித்தார்.

எதிராளி யாரென்று தெரியாதபோது, பெயர் குறிப்பிடாமலே ‘எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவர்’ என்று கேட்பார்கள். 2011 நடுப்பகுதியில் பராக் ஒபாமாவுக்கு எதிராக இப்படிக் கேட்டபோது, பெயரில்லாத அந்தக் குடியரசுக் கட்சி வேட்பாளரே முன்னிலையில் நின்றார். பெயரில்லாதவருக்குக் குறையும் இல்லை அல்லவா? ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒருவரை மனதில் வைத்து விடை சொல்வார்கள். 2012 இல் மிட் ரொம்னி என்ற பெயரும் முகமும் கொண்ட மனிதர் வந்து நின்றபோது, ஒபாமாவே சுமார் 51 சதவீத வாக்குகளுடன் வென்றார்.

அடுத்து, யாரிடம் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும். 1936 இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்கச் சஞ்சிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் நிரப்பி அனுப்பினர். அதை எண்ணிப் பார்த்து, ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அச்சஞ்சிகை எழுதியது. அவரோ 48 மாநிலங்களில் 46 ஐ வென்றார். சஞ்சிகை முகவரிகளை எடுத்தது பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும். கடும் பொருளாதார மந்தம் நிலவிய அந்தக் காலத்தில் அவை வசதி படைத்தோரின் பட்டியல்கள். அதோடு, சீட்டு கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் பதில் அனுப்பவும் இல்லை. அதே தேர்தலில், அதைவிட மிகக் குறைந்த தொகையினரிடம் கேட்ட ஜோர்ஜ் கெலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார்.

கஞ்சிக்கு உப்புப் பார்க்கும்போது உம்மா முதலில் அகப்பையால் அடிவரை கலக்கிவிடுவார். நன்றாகக் கலந்திருந்தால் ஒரு கரண்டி போதும். கலக்காவிட்டால் பத்துக் கோப்பை குடித்தாலும் சரியான சுவை தெரியாது. மாதிரியின் அளவைவிட அது எப்படித் தெரிவுசெய்யப்பட்டது என்பதே முக்கியம்.

சரியாகத் தெரிந்தெடுத்தாலும் வழு முற்றாக நீங்காது. எழுமாறாகத் தெரிவுசெய்த 1000 பேரிடம் கேட்டால், கிடைக்கும் சதவீதம் கூடவோ குறையவோ 3 அளவில் மாறுபடலாம். ஒருவருக்கு 46, மற்றவருக்கு 44 என்றால் ‘முன்னிலை’ என்று பத்திரிகைகள் தலைப்பிடும். உண்மையில் இருவரும் சமமாகவும் இருக்கலாம். பின்னால் நிற்பவரே முந்தியிருக்கவும் கூடும்.

அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கு நாடளாவிய மொத்த வாக்குகளால் ஜனாதிபதி தெரிவாவதில்லை. மாநிலவாரியாகத் தெரிவாகும் 538 தேர்வாளர்களில் 270 பேரின் வாக்கைப் பெற வேண்டும். 2016 இல் ஹிலரி கிளின்டன் நாடளாவிய வாக்குகளில் சுமார் 2 சதவீதம் முன்னின்றும் தோற்றார். ஆகவே நாடு முழுவதற்குமான ஒற்றை எண் வெற்றியைச் சொல்லிவிடாது.

அப்படியானால் முந்திவரும் கணிப்புகளால் பயனே இல்லையா? உண்டு. ஒரு கணிப்பைத் தனியே பார்க்காமல் பலவற்றை மாதக்கணக்கில் அடுக்கிப் பார்த்தால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெரியும். மக்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்பதும் தெரியும். தேர்தல் நெருங்க நெருங்க அவற்றின் பெறுமதி கூடும். இறுதி நேரத்திலும் கவனம் தேவை. 1948 இல் கெலப் நிறுவனம் ஒக்டோபரிலேயே கேட்பதை நிறுத்திவிட்டது. டூயி வெல்வார் என்பதே அதன் கணிப்பு. ‘சிக்காகோ டிரிபியூன்’ பத்திரிகை ட்ரூமன் தோற்றதாகவே தலைப்பு அச்சிட்டது. வென்ற ட்ரூமன் அதே பத்திரிகையைக் கையில் தூக்கிக் காட்டிச் சிரித்த படம் இன்றும் பிரசித்தம்.

இது எமக்கு எதற்கு என்று கேட்கலாம். நாமும் நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் நாட்டவர்கள். 2019 தேர்தலில் சுமார் 3 சதவீத வாக்குகளைப் பெற்ற அநுர குமார திசாநாயக்க, 2024 இல் முதல் எண்ணிக்கையிலேயே 42 சதவீதத்துக்கு மேல் பெற்று ஜனாதிபதியானார். ஐந்து வருடங்களில் மக்கள் மனம் எவ்வளவு தூரம் நகரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தேர்தல் காலத்தில் எமது வட்ஸ்அப் குழுக்களிலும் ‘கருத்துக்கணிப்பு’ என்று எண்கள் வரும். யாரிடம் கேட்டார்கள், எத்தனை பேர், எப்போது, என்ன கேள்வி, யாருக்கு எதிராக என்பவை எதுவும் இராது. ‘இவர்தானாம் வெல்லப்போகிறார், நாம் வாக்களித்து என்ன பயன்?’ என்று ஒருவர் வீட்டிலிருந்துவிட்டால், அந்த எண் ஒரு வாக்கைப் பறித்துவிட்டது என்றே பொருள்.

வந்த செய்தியை விசாரித்துத் தெளிந்துகொள்ளும்படி எமது மார்க்கம் கற்றுத்தந்திருக்கிறது. என் வயதுத் தோழியர் பலர் அடுத்த தேர்தலில்தான் முதன்முறையாக வாக்களிக்கப்போகிறோம். அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுவிட்டு, எண்ணை ஓரமாக வைத்து, வேட்பாளரையும் அவரது கொள்கையையும் பார்த்து வாக்களிப்போம். கணிப்பு மற்றவர்களின் நேற்றைய மனதைச் சொல்வது. வாக்கு எமது சொந்த மனதைச் சொல்வது.