கெண்டைக்காலும் மலைநாடும்

நம் உடலுறுப்புக்களுள் மிகுதியாக உழைப்பதும் குறைவாகப் போற்றப்படுவதும் எது என்று வினவினால், கெண்டைக்கால் என்றே நாம் விடை கூறுவோம். முகத்துக்குப் பூச்சு உண்டு. கூந்தலுக்கு எண்ணெய் உண்டு. கைகளுக்கு வளையல் உண்டு. நாள் முழுவதும் நம்மைச் சுமக்கும் கெண்டைக்காலுக்கோ வலி வந்தாலன்றி ஒரு நினைவும் இல்லை. அதன் பெருமையைப் பேசுவதற்கு மலைநாட்டினும் ஏற்ற இடம் வேறில்லை.

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டு ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளின் செங்குத்தான சரிவுகளில் ஏறி இறங்கி வந்தவை மனிதக் கால்களே. கொழுந்தெடுக்கும் பெண் விடியற்காலையில் லயத்தை விட்டுப் பெரட்டுக்களத்துக்குச் செல்கிறாள்; மலைக்கு ஏறுகிறாள்; கொழுந்தைச் சுமந்து நிறுவைக்கு இறங்குகிறாள்; மீண்டும் ஏறுகிறாள். இவ்வுழைப்பின் பெரும்பங்கு கெண்டைக்காலைச் சார்ந்தது.

இத்தசைக்கு நம் முன்னோர் இட்ட பெயரே அழகியது. முழங்காலுக்குக் கீழே பருத்து, குதியை நோக்கிச் சிறுத்துச் செல்லும் வடிவம் கெண்டை மீனை ஒத்திருத்தலின் அது கெண்டைக்கால் ஆயிற்று. கிரேக்கர் அதே பருமையைக் கண்டு ‘காலின் வயிறு’ என்று பொருள்படுமாறு பெயரிட்டனர். மருத்துவ நூல்கள் வழங்கும் ‘கஸ்ட்ரோக்னீமியஸ்’ என்ற சொல் அதிலிருந்து வந்தது. இம்மேற்றசை உட்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு தலைகளை உடையது. இதன் அடியில் ‘சோலியஸ்’ என்னும் தட்டையான தசை மறைந்து கிடக்கிறது. இரண்டும் கீழே ஒன்றுகூடி, வலிய குதிநாணாகிக் குதியெலும்பைப் பற்றுகின்றன.

இவ்விரு தசைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தால் பயிற்சியின் இரகசியம் பாதி விளங்கிவிடும். மேற்றசை முழங்காலையும் கடந்து தொடையெலும்பிற் பற்றுகிறது. ஆதலால் முழங்கால் நேராக நிற்கும்போது அது முழுவலிமையுடன் இயங்கும். முழங்கால் மடங்கினால் தளர்ந்துவிடும். கீழ்த்தசையோ முழங்காலுக்குக் கீழேயே தொடங்குவதால் இரு நிலைகளிலும் வேலை செய்யும். மேற்றசை பாய்ச்சலுக்கும் வேகத்துக்கும் உரியது; கீழ்த்தசை நெடுநேரம் நிற்பதற்கும் நடப்பதற்கும் உரியது.

இனி, மலை இக்கால்களுக்குச் செய்வது யாது? ஏற்றத்தில் தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறக்கத்தில் அது நீண்டுகொண்டே உடலின் வேகத்தைத் தடுக்கிறது. பழக்கமில்லாத கால்களுக்கு இறக்கமே அதிக நோவு தருவது. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு ஆயிரக்கணக்கான படிகளில் ஏறித் திரும்புவோர் இதனை நன்கறிவர். ஏறிய அன்று இல்லாத வலி, இறங்கிய மறுநாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் குடிகொண்டிருக்கும்.

ஆயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலை வலிமையைத் தரும், சமனிலையைத் தராது. சரிவுக்குக் குறுக்கே நிரை பிடித்து நிற்பவரின் மேற்புறக் கால் மடங்கியும் கீழ்ப்புறக் கால் நீண்டும் இருக்கும். எப்பொழுதும் ஒரே பக்கமாக நின்று பழகினால் இரு கால்களும் ஒரே வகையான வேலையைச் செய்வதில்லை. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பு, வேலைக்கு ஏற்றவாறு உடலை வளைக்கிறது. பயிற்சி, உடலுக்கு ஏற்றவாறு வேலையை அளந்து கொடுக்கிறது.

மேலும், இவ்வலிமை பரம்பரைச் சொத்தன்று. கொழும்பிற் கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியும் நம் இளைஞர், தீபாவளிக்கு வீடு திரும்புகையில், தாய் எளிதில் ஏறும் பாதையில் மூச்சு வாங்கி நிற்பதை நாம் காண்கிறோம். விண்வெளியிற் பல மாதங்கள் தங்கித் திரும்புவோரிடம் மிகுதியாக மெலியும் தசைகளுள் கெண்டைக்கால் தசைகளும் அடங்கும். பாரம் ஏற்றாத கால் மெலியும் என்பது இயற்கையின் சட்டம்.

எனவே, இருந்து வேலை செய்வோரும் மாணவரும் பின்வரும் பயிற்சியை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் செய்தல் நன்று. உறுதியான படியொன்றின் விளிம்பில் முன்பாதங்களை ஊன்றி, ஒரு கையாற் சுவரைப் பற்றிக்கொள்க. முழங்கால் நேராக இருக்க, குதிகளை இயன்றவரை மெதுவாகத் தாழ்த்துக. ஒரு கணம் தரித்து, பின் முழுவதும் உயர்த்துக. பத்து முதல் பதினைந்து முறை செய்து, சற்று ஓய்ந்து, அவ்வாறே மூன்று சுற்றுச் செய்க. துள்ளுதல் ஆகாது, குதி நன்கு தாழ்ந்து தசை நீளும் நிலையை அவசரத்திற் கைவிடலாகாது. இது எளிதாகிவிட்டால் முதுகிற் புத்தகப் பையைச் சுமந்து செய்யலாம். இதுவே முதன்மையான பயிற்சி. இதற்குத் துணையாக, நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களின் மேல் அரிசிப் பையொன்றை வைத்துக் குதிகளை உயர்த்தினால் கீழ்த்தசை வேலை பெறும்.

இரு கால்களும் ஒத்து வளர வேண்டுமாயின், ஒற்றைக் காலால் தனித்தனியே செய்க. முதலில் வலிமை குறைந்த காலுக்கு. அது எத்தனை முறை செய்ததோ அத்தனை முறையே மற்றதற்கும். முன்புறத் தசையையும் மறத்தலாகாது: சுவரில் முதுகைச் சாய்த்துக் குதிகளை ஊன்றி, முன்பாதங்களை மேலே தூக்கி இறக்கினால் அதுவும் உரம் பெறும்.

பயன் உடனே தெரியவில்லையே என்று சோர்வடைவோர்க்கு ஒரு செய்தி. உலகப் புகழ்பெற்ற உடற்கட்டு வீரர் ஆர்னல்ட் ஷுவாஸ்நெக்கர், தம் உடலில் கெண்டைக்கால்களே பின்தங்கியிருக்கக் கண்டார். அவற்றை மறைக்காமல், காற்சட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டுப் பிறர் காணவே பயின்றார். நாணம் அவருக்கு ஊக்கமாயிற்று. 1970 இல் ‘மிஸ்டர் ஒலிம்பியா’ பட்டமும் அவரை வந்தடைந்தது.

ஆனால் வடிவத்தில் ஒரு பங்கு பிறப்பிலேயே அமைவது. தசை நீண்டும் நாண் குறுகியும் இருப்பவர்க்குக் கால் தாழ்வாகப் பருத்துத் தோன்றும். நாண் நீண்டவர்க்குத் தசை உயரத்தில் திரண்டு நிற்கும். பயிற்சி தசையின் பருமனை மாற்றும். அதன் எல்லையை மாற்றாது. அயலவர் காலைப் பார்த்து ஏங்குவதிற் பயனில்லை.

இவ்விடத்தில் நம் பெண்மக்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்துப் பாதைகளில் நடந்து பள்ளிக்கு வரும் மாணவியர் சிலர், தம் கால்கள் உரமேறியிருப்பதை எண்ணி நாணி அவற்றை மறைப்பதைக் காண்கையில் எமக்கு வருத்தம் உண்டாகிறது. மகளே, அது குறையன்று. நீ அடியெடுத்து வைக்குந்தோறும் அத்தசை சுருங்கி, காலில் தேங்கும் குருதியை நாளங்கள் வழியே இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. அதனாலன்றோ அதனை ‘இரண்டாவது இதயம்’ என்று போற்றுகின்றனர்! முதுமையிற் கால் இடறும்போது உன்னை விழாமற் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

மலையில் உழைத்து வரும் தாய்மாருக்கோ மேலதிகப் பளு வேண்டா. அவர்களுக்கு வேண்டுவது ஓய்வு. மாலையிற் சுவரைப் பிடித்து, ஒரு காலைப் பின்னே நீட்டிக் குதியை நிலத்தில் ஊன்றி, அரை நிமிடம் நிற்றலும், பின் தலையணை மேற் கால்களை உயர்த்திப் படுத்தலும் இதந்தரும். பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றுள் இயன்றது நாள்தோறும் தாயின் தட்டிலும் இடம்பெறட்டும். எல்லோருக்கும் பரிமாறி எஞ்சியதை உண்பவளின் தசை எதைக்கொண்டு வளரும்? ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் சூடும் காணப்பட்டால், எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாது உடனே மருத்துவரை நாடுக.

படியொன்றும் சுவரொன்றும் இல்லாத வீடில்லை. இளைஞர் அவற்றைக் கொண்டு தம் கால்களைச் சமனாக வளர்த்துக்கொள்வாராக. அத்துடன், நாள் முழுதும் மலையேறி வந்த தாயை மாலையில் அமரச் செய்து, தண்ணீர்க் குடத்தைத் தாமே சுமந்து வருவாராக. மகனின் கால்களுக்கு அது பயிற்சியாகும். தாயின் கால்களுக்கு ஓய்வாகும்.